வானில் காவல் (பகுதி 14): நூறு மில்லி

1988இல் லாக்கர்பி நகரின் மீது பான்ஆம் விமானம் சிதறி விழுந்ததன் விளைவாக, 1991 மார்ச் 1 அன்று மான்ட்ரியலில் உருவான அனைத்துலக உடன்படிக்கை சென்ற பகுதியில் விளக்கப்பட்டது. பிளாஸ்டிக் வெடிபொருள் எனப்படும், களிமண்போல் பிசைந்து எவ்வடிவத்திலும் வார்க்கக்கூடிய வெடிபொருளைத் தயாரிக்கும் ஒவ்வொரு நாடும், கருவிகள் எளிதில் மோப்பம் பிடிக்கக்கூடிய ஆவியாகும் குறிப்பொருள் ஒன்றை அதில் கலந்தே தயாரிக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் சாரம். ஆலையில் உருவாகும் பொருளுக்கு அது பொருத்தமான காப்பு. ஆனால் சமையலறையில் புட்டிக்குள் கலக்கப்படும் திரவத்துக்கு எந்த ஆலையும் இல்லை, குறிப்பொருள் கலக்கும் கையும் இல்லை. இந்த ஓட்டையை உலகம் அறியாமல் இருந்தது என்று சொல்லவும் முடியாது. ஏனெனில் உடன்படிக்கை உருவாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்பே திரவ வெடிபொருள் ஒரு பயணிகள் விமானத்தை வீழ்த்தியிருந்தது.

1987 நவம்பர் 29 அன்று பாக்தாதிலிருந்து அபுதாபி, பாங்காக் வழியாகச் சோலுக்குப் புறப்பட்ட கொரியன் ஏர் 858 என்னும் போயிங் 707 விமானம் அந்தமான் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியதில், அதிலிருந்த 115 பேரும் மாண்டனர். தந்தையும் மகளுமான ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளைப்போல் பாக்தாதில் ஏறிய வடகொரிய உளவாளிகள் இருவர், தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டில் ஒரு பையை விட்டுவிட்டு அபுதாபியில் இறங்கிக்கொண்டனர். அந்தப் பையில் ஒரு சிறிய வானொலிப் பெட்டியும் ஒரு மதுப்புட்டியும் இருந்தன. வானொலிக்குள் பிளாஸ்டிக் வெடிபொருளும் நேரக்கருவியும் இருந்தன. புட்டியில் மதுவின் நிறத்தோடு இருந்ததோ திரவ வெடிபொருள். பஹ்ரைனில் பிடிபட்டபோது இருவரும் நஞ்சைக் கடித்தனர். முதியவர் இறந்துபோக, உயிர்பிழைத்த கிம் ஹியோன் ஹுய் என்ற பெண் பின்னர் அளித்த வாக்குமூலத்தின்படி, பாக்தாத் நிலையத்துச் சோதகர்கள் வானொலியின் பேட்டரிகளின் மீதுதான் ஐயம் கொண்டு கேள்வி எழுப்பினார்களே தவிர, புட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு 1989இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1990இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. கொரியத் தீபகற்ப அரசியலின் ஒரு கொடிய அத்தியாயமாக அந்நிகழ்வு ஆராயப்பட்ட அளவுக்கு, கைச்சுமையில் திரவம் என்ற கோணத்தில் அது ஆராயப்படவில்லை.

இரண்டாம் எச்சரிக்கை 1994 டிசம்பர் 11 அன்று வந்தது. மணிலாவிலிருந்து செபு வழியாகத் தோக்கியோவுக்குச் சென்ற பிலிப்பைன் ஏர்லைன்ஸ் 434 என்னும் போயிங் 747 விமானத்தில் பொய்ப்பெயரில் ஏறிய ராம்சி யூசெஃப், கண்வில்லை கழுவும் திரவத்துக்கான புட்டியில் கொண்டுவந்த நைட்ரோகிளிசரின் கலவையைக் கழிப்பறையில் ஒரு கைக்கடிகாரத்தோடு பொருத்தி, தன் இருக்கையின் அடியில் மிதவைச் சட்டை வைக்கும் உறைக்குள் செருகிவிட்டுச் செபுவில் இறங்கிச் சென்றார். அவருக்குப் பின் அவ்விருக்கையில் அமர்ந்த ஜப்பானியப் பயணி உயிரிழந்தார். பத்துப் பேர் காயமடைந்தனர். திசைமாற்றும் இணைப்புகள் சேதமுற்ற நிலையிலும் தலைமை விமானி எட்வர்தோ ரேயஸ் விமானத்தை ஒக்கினாவாவின் நாகா நிலையத்தில் பத்திரமாக இறக்கினார். இதுவோ ஒத்திகைதான். பசிபிக் பெருங்கடலுக்கு மேலே ஏறத்தாழ ஒரு டஜன் அமெரிக்க விமானங்களை ஒரே காலகட்டத்தில் தகர்க்கும் போஜின்கா என்ற சதியின் முழு வரைவும், 1995 ஜனவரி 6 இரவு மணிலாவின் ஒரு அடுக்ககத்தில் ரசாயனங்கள் கலக்கும்போது எழுந்த புகையாலும், அதைத் தொடர்ந்து கைப்பற்றப்பட்ட மடிக்கணினியாலும் வெளிப்பட்டது. யூசெஃப் அடுத்த மாதமே பாகிஸ்தானில் பிடிபட்டு, 1996இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இவ்வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

சதியின் வரைவே கையில் இருந்தும் பயணியின் கையிலுள்ள புட்டிக்கு உலகளாவிய தடை ஏதும் அப்போது வரவில்லை என்பதை அலட்சியம் என்று மட்டும் கூறி நகர்ந்துவிடுவது எளிது. அலட்சியம் இருந்தது உண்மைதான். ஆயினும் காரணத்தின் பெரும்பகுதி சோதனைச் சாவடியின் இயந்திரத்தில் இருக்கிறது. விமான நிலையத்து ஊடுகதிர்க் கருவி இரு வேறு ஆற்றல் கொண்ட கதிர்களைப் பைக்குள் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை ஒப்பிட்டு, உள்ளிருக்கும் பொருள் உலோகமா, உப்பு போன்ற கனிமமா, அல்லது கரிமப் பொருளா என்று தோராயமாகப் பிரித்து நிறம் தீட்டிக் காட்டும்; சோதகர் திரையில் காணும் ஆரஞ்சு நிறம் கரிமப் பொருளையும் நீல நிறம் உலோகத்தையும் குறிக்கும். கத்தியின் வடிவத்தைக் காட்டிக்கொடுப்பதில் இக்கருவி திறமையானது. திரவத்துக்கோ தனக்கென வடிவமில்லை. அது புட்டியின் வடிவத்தையே பெறும். தண்ணீர், பழச்சாறு, ஹைட்ரஜன் பெராக்சைடுக் கரைசல் ஆகியவற்றின் அடர்த்தியும் அணுவெண் சராசரியும் அடுத்தடுத்து நிற்பவை. அவற்றின் முன்னும் பின்னும் துணியும் மின்கம்பியும் சீப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையான ஒரே படத்தில் விழும்போது அந்தச் சிறு வேறுபாடும் மறைந்துவிடும்.

வேறுபாட்டைக் காணக்கூடிய கருவி உலகில் இல்லாமலும் இல்லை. மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் என்று எல்லோரும் அறிந்த கணினி வெட்டுப்பட முறை, ஒரு பொருளைச் சுற்றிலும் பல கோணங்களில் படமெடுத்து, அதன் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் தனித்தனியே கணக்கிடுவது. இம்முறையில் இயங்கும் சி.டி.எக்ஸ். 5000 என்ற கருவிக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1994 இறுதியில், அதாவது பிலிப்பைன் விமானத்தில் குண்டு வெடித்த அதே காலகட்டத்தில், சான்றளித்தது. ஆனால் அது சரக்கறைக்குச் செல்லும் பெட்டிகளுக்கான கருவி. பருமனிலும் எடையிலும் விலையிலும் பெரியது, வேகத்தில் சிறியது. பயணிகள் வரிசையில் நிற்கும் சாவடிக்கு ஏற்றவாறு அது சுருங்கி வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நூறு மில்லி விதியின் வரலாறு என்பது உண்மையில் இந்த இயந்திரத்துக்காகக் காத்திருந்த வரலாறுதான்.

காத்திருப்பைக் கலைத்தது லண்டன். 2006ஆம் ஆண்டு பிரித்தானியக் காவல்துறையும் உளவுத்துறையும் ‘ஓவர்ட்’ என்று பெயரிட்ட பெரும் கண்காணிப்பு நடவடிக்கையில், வால்தம்ஸ்டோ பகுதியில் உள்ள ஒரு வீட்டில் ஒளிக்கருவியும் ஒலிக்கருவியும் பொருத்தி, இளைஞர் சிலரின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தன. கடைகளில் விற்கும் அரை லிட்டர் குளிர்பானப் புட்டிகளின் மூடியைத் திறக்காமலேயே அடியில் துளையிட்டு உள்ளிருப்பதை மாற்றிவிட்டால், சோதகருக்கு அவை முத்திரை கலையாத புதுப் புட்டிகளாகவே தோன்றும் என்பது அவர்களது திட்டத்தின் மையம். ஹீத்ரோவின் மூன்றாம் முனையத்திலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் ஏழு விமானங்களின் விவரங்கள் அவர்களிடம் இருந்தன. ரஷீத் ரவூஃப் என்ற முக்கியத் தொடர்பாளர் பாகிஸ்தானில் கைதானதும், செய்தி கசிந்துவிடும் என்ற அச்சத்தில் ஆகஸ்ட் 9 இரவே லண்டனிலும் கைதுகள் தொடங்கின. வழக்கு எளிதாக முடியவில்லை: 2008இல் முதல் விசாரணையின் நடுவர்கள் மூவரைக் கொலைச்சதிக் குற்றவாளிகள் என்றனரேயன்றி, விமானங்களே இலக்கு என்பதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, மறுவிசாரணைக்குப் பின் 2009 செப்டம்பரில்தான் அப்துல்லா அகமது அலி, அசாத் சர்வார், தன்வீர் உசைன் ஆகியோர் விமானத் தகர்ப்புச் சதிக்காகக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டு, முறையே குறைந்தது 40, 36, 32 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை பெற்றனர்.

2006 ஆகஸ்ட் 10 காலையில் பிரித்தானிய விமான நிலையங்களுக்கு வந்த பயணிகள் கண்ட நடைமுறை, திட்டமிட்ட கொள்கை என்பதைவிடப் பதற்றத்தின் பதிவு என்றே கொள்ளத்தக்கது. கைச்சுமை என்ற வகையே ஏறத்தாழ ஒழிக்கப்பட்டு, கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, பணப்பை, அவசியமான மருந்து, உறையில்லாத மூக்குக் கண்ணாடி போன்ற சில பொருள்கள் மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் அனுமதிக்கப்பட்டன. மடிக்கணினியும் கைப்பேசியும்கூடச் சரக்கறைக்குச் சென்றன. கைக்குழந்தைக்கான பாலை உடன்வரும் பெரியவர் சோதகர் முன்னிலையில் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவும் அதே நாளில் திரவம், களிம்பு, ஏரோசால் அனைத்தையும் கைச்சுமையிலிருந்து விலக்கியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இத்தகைய முழுத்தடை நீடிக்க இயலாது என்பது முதல் வாரத்திலேயே தெளிவாகிவிட்டது. கண்சொட்டு மருந்தும் பற்பசையும் இல்லாமல் கடல் கடந்து பயணம் செய்யும்படி கோடிக்கணக்கானோரைக் கட்டாயப்படுத்துவதும், அவர்கள் அனைவரின் பெட்டிகளையும் சரக்கறையில் ஏற்றுவதும் நிலையங்களின் கொள்ளளவுக்கே அப்பாற்பட்டவை.

எனவே முழுத்தடைக்கும் முழு அனுமதிக்கும் இடையே ஓர் அளவு தேவைப்பட்டது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், கிப் ஹாலியின் தலைமையில், 2006 செப்டம்பர் 26 முதல் மூன்று அவுன்ஸ் அளவுள்ள கொள்கலன்களை, ஒரு குவார்ட் கொள்ளும் ஜிப் பையில், ஒருவருக்கு ஒரு பை வீதம் அனுமதித்தது. ‘மூன்று ஒன்று ஒன்று’ என்று அந்நாட்டில் அழைக்கப்படும் விதி இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் நவம்பர் 6 முதல் 100 மில்லிலிட்டர் கொள்கலன், ஒரு லிட்டர் பை என்று தன் அளவைகளில் அதையே வகுத்தது. பின்னர் அமெரிக்காவும் 100 மில்லிக்கு நிகரான 3.4 அவுன்சுக்கு இசைந்தது.

அந்த எண்ணிக்கை எவ்வகையானது என்பதை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். 99 மில்லி பாதுகாப்பானது, 101 மில்லி ஆபத்தானது என்று எந்த வேதியியல் விதியும் கூறவில்லை. சதிகாரர்கள் கையாள நினைத்தவை அரை லிட்டர் புட்டிகள். கொள்கலனைச் சிறிதாக்கினால் ஒரே இடத்தில் குவியும் அளவும் அதன் வெடிப்பாற்றலும் குறையும், கலக்கும் வேலை கடினமாகும், பிடிபடும் வாய்ப்பு கூடும் என்ற கணிப்பே அதன் அடிப்படை. பையின் அளவு இரண்டாவது வேலி: மொத்தத் திரவத்துக்கு வரம்பு கட்டுவதோடு, எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து பிரித்து ஒரே பார்வையில் சோதகரின் கண்முன் வைக்கிறது. பாதி தீர்ந்த 200 மில்லிப் பற்பசைக் குழாயை ஏன் பறிக்கிறார்கள் என்று சினங்கொள்ளும் பயணிகள் பலர்; விதி உள்ளிருக்கும் அளவைப் பார்ப்பதில்லை, கொள்கலனின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவையே பார்க்கிறது, ஏனெனில் நிமிடத்துக்குப் பல பயணிகளைக் கடத்த வேண்டிய சாவடியில் மீதம் எவ்வளவு என்று யாரும் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆக, இது அறிவியலும் நடைமுறை வசதியும் பேரம் பேசி எட்டிய எண். பேரம் என்பதாலேயே அது தவறு என்றாகிவிடாது.

அனைத்துலக வான்பயண அமைப்பு 2006 டிசம்பரில் தன் உறுப்பு நாடுகளுக்கு இவ்வரம்பைப் பரிந்துரைத்து, 2007 மார்ச் 1க்குள் நடைமுறைப்படுத்தக் கேட்டுக்கொண்டது. ஆஸ்திரேலியா அம்மாத இறுதியிலும், சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் செல்லும் தமிழர்கள் மிகுதியாகக் கால்வைக்கும் சிங்கப்பூர் மே 8 முதலும் அதை ஏற்றன. ஆனால் ஆஸ்திரேலியா அனைத்துலகப் பயணங்களுக்கு மட்டுமே விதியை விரித்தது. உள்நாட்டுப் பயணி அங்கே தண்ணீர்ப் புட்டியோடு ஏறலாம். ஜப்பானிலும் உள்நாட்டு விமானங்களுக்கு இவ்வரம்பு இல்லை. புட்டிகள் தனிக்கருவியில் சோதிக்கப்படுகின்றன. திரவம் எது என்பதிலும் அன்றாட வழக்குக்கும் விதியின் வழக்குக்கும் இடைவெளி உண்டு. ஊற்றினால், பூசினால், பிதுக்கினால், தெளித்தால் பரவும் எதுவும் இங்கே திரவமே. ஆதலால் தயிரும் தேனும் பழக்கூழும் நிலக்கடலை வெண்ணெயும் முகப்பூச்சும் ஒரே பட்டியலில் அடங்கின. மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு கிடைத்தது. சோதனைக்கு அப்பால் வரியில்லாக் கடையில் வாங்கும் மதுவும் வாசனைத் திரவியமும், திறந்தால் அடையாளம் காட்டும் முத்திரைப் பையில் ரசீதோடு வைக்கப்பட்டால் செல்லுபடியாகும் என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. வணிகத்தின் குரல் பயணியின் குரலைவிட விரைவாகக் கேட்கப்பட்டது என்று இதிலிருந்து ஒருவர் முடிவுக்கு வந்தால் அதை மறுப்பது கடினம்.

கண்டனங்களும் உடனே எழுந்தன. உண்மையான காப்பைக் கூட்டாமல் காப்பு இருப்பதான உணர்வை மட்டும் தரும் ஏற்பாடுகளைப் பாதுகாப்பு நாடகம் என்று 2003இலேயே பெயரிட்டிருந்த புரூஸ் ஷ்னையர், திரவ விதியையும் அவ்வகையில் சேர்த்தார். வெடிக்கக்கூடும் என்று பறிக்கும் புட்டிகளை மக்கள் நெரியும் வரிசையின் நடுவிலுள்ள தொட்டியிலேயே எறிகிறார்களே என்ற கேள்விக்கு அதிகாரிகளிடம் திருப்தியான விடை என்றும் இருந்ததில்லை. விதியை வகுத்த கிப் ஹாலியே, பதவி விலகிய பின் 2012இல், எல்லாத் திரவங்களையும் அனுமதித்துத் தனியே சோதிக்கலாம் என்று எழுதினார். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அமெரிக்கா கைத்தூய்மிக்கு மட்டும் 12 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 355 மில்லி வரை அனுமதித்தது. எரியும் தன்மையுள்ள ஆல்கஹாலுக்குக் கிடைத்த அச்சலுகை ஷாம்புவுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் நாடகம் என்ற சொல்லை முழுமையாக ஏற்பதும் வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1987இலும் 1994இலும் நடந்தவை கற்பனை அல்ல. 2006 சதி நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அச்சம் உண்மையானது, விடை மட்டுமே அரைகுறையானது.

தடை, சோதனை என்னும் இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இந்தியாவில் வேறொரு பொருளில் வெளிப்பட்டது. எரியக்கூடிய பொருள் என்பதால் தேங்காய்க்குக் கைச்சுமையில் இடமில்லை. நெய் நிரப்பிய தேங்காயை இருமுடியில் சுமந்து சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களோ அதைச் சரக்கறைக்கு அனுப்ப மனம் ஒப்புவதில்லை. 2024 அக்டோபரில் இந்திய வான்பயணப் பாதுகாப்புச் செயலகம், 2025 ஜனவரி 20 வரையிலான யாத்திரைக் காலத்துக்கு, ஊடுகதிர், வெடிபொருள் துகள் சோதனை, கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை ஆகிய மூன்றையும் கடந்தால் இருமுடித் தேங்காயை உள்ளே கொண்டுசெல்லலாம் என்று இசைந்தது. போதிய நேரமும் கருவியும் ஆளும் ஒதுக்கப்பட்டால் தடைக்குப் பதில் சோதனை இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

ஐரோப்பிய ஒன்றியம் இதைத்தான் நெடுங்காலமாக எட்ட முயன்றது. 2010இல் அது இயற்றிய ஒழுங்குமுறை, 2011 ஏப்ரல் 29 முதல் இடைமாறும் பயணிகளின் வரியில்லாத் திரவங்களையும், 2013 ஏப்ரல் 29 முதல் எல்லாத் திரவங்களையும் சோதித்து அனுமதிக்க வேண்டும் என்று நாள் குறித்தது; கருவிகள் ஆயத்தமாகவில்லை என்று பிரித்தானியாவும் பிரான்சும் பிறநாடுகள் சிலவும் பின்வாங்க, 2014 ஜனவரி 31இல் ஒரு பகுதி மட்டுமே நிறைவேறியது. சாவடிக்கேற்ற சி.டி. கருவிகள் பெருகிய பின் பிரித்தானிய அரசு 2022 டிசம்பரில் தன் பெரிய நிலையங்கள் அனைத்தும் 2024 ஜூனுக்குள் அவற்றை நிறுவ வேண்டும் என்றது. 2023இல் டீசைடும் லண்டன் சிட்டியும் வரம்பை நீக்கி, இரண்டு லிட்டர் வரை அனுமதித்தன. பெரிய நிலையங்கள் பல குறித்த நாளைத் தவறவிட்டன. அதைவிட வியப்பூட்டியது, கருவி நிறுவிவிட்ட ஆறு சிறு நிலையங்களும் 2024 ஜூன் 9 முதல் நூறு மில்லிக்கே திரும்பும்படி பணிக்கப்பட்டதுதான். செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே பாதையில் திரும்பியது. கருவிகளின் செயல்திறனில் தொழில்நுட்ப ஐயம் எழுந்திருப்பதால் இது தற்காலிக ஏற்பாடு என்று இரு தரப்பும் விளக்கின. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், 2025 ஜூலையில், அனுமதி மீண்டும் வந்து எடின்பரோவும் பர்மிங்காமும் இரண்டு லிட்டருக்கு மாறின.

இதனால் இன்றைய பயணி எதிர்கொள்ளும் நிலை 2006ஐவிடச் சிக்கலானது. ஒரு நிலையத்தில் இரண்டு லிட்டர்ப் புட்டியோடு ஏறியவர், விமானம் மாறும் ஊரில் மீண்டும் சோதனைக்கு நிறுத்தப்பட்டால் அதே புட்டியை அங்கே இழக்க நேரிடும். திரும்பிவரும் பயணத்தில் அப்போது புறப்படும் ஊரின் விதியே செல்லும், முதலில் கிளம்பிய ஊரின் விதி உதவாது. ஆகவே இணைப்பு விமானங்களில் செல்வோர், தம் தடத்தில் உள்ள நிலையங்களில் எது மிகக் கடுமையான வரம்பை வைத்திருக்கிறதோ அதற்கேற்பவே பெட்டியைக் கட்ட வேண்டும். பெரும்பாலான தடங்களில் அந்த வரம்பு இன்னும் நூறு மில்லிதான்.